மரம் கழிக்கும் சத்தம்

கரண்ட் இல்லாத வீட்டில் கைப்பிள்ளையோடு இருந்த பொம்பளை, காற்றுக்குப் பயந்துபோய்க் கதை கட்டுகிறாள் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும். விசாரிக்க வந்த போலீஸ்காரரும் அப்படித்தான் நினைத்தார். எனக்கு யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் அன்றைக்கு நான் இருந்தேன். இதே காதால் கேட்டேன். நடுராத்திரியும் இல்லை, தூக்கக் கலக்கமும் இல்லை. சாயங்கால நேரம், முழுசாக விழித்திருந்தேன்.

என் பெயர் ஜைனப். பிறந்தது சேலம், வாழ்க்கைப்பட்டது ஏற்காடு. என் மாப்பிள்ளை சையத் இப்ராஹிமுக்கு ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம் மளிகைக் கடை. அப்போது நாங்கள் செம்மநத்தம் போகிற வழியில், ஒரு காபி எஸ்டேட்டின் ஓரமாக இருந்த பழைய ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் மகள் சலீமாவுக்கு அப்போது ஏழு மாதம்.

வீட்டுச் சொந்தக்காரர் பெயர் மாதேஸ்வரன். அந்த எஸ்டேட்டிலேயே ரைட்டராக இருந்தவர். கூலிக்கு வருகிறவர்களுக்குப் பேர் போடுவது, வேலை ஏவுவது, ஏச்சுக் கொடுப்பது எல்லாம் அவர்தான். ரிட்டையர் ஆனதும் இந்த வீட்டையும் இதைச் சுற்றியிருந்த மரங்களையும் வாங்கிப் போட்டுவிட்டு, சேலத்தில் மகன் வீட்டோடு போய்விட்டார். வாடகை கேட்டுக்கூட அதிகம் வரமாட்டார். மிளகு பறிக்க மட்டும் கரெக்டாக வந்து நிற்பார்.

வீட்டுக்குப் பின்னால், சமையல்கட்டுச் சுவரை ஒட்டி, ஒரு பெரிய சில்வர் ஓக் மரம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அடியிலிருந்து பாதி உயரம் வரை மிளகுக் கொடி. மரத்தின் தோலே தெரியாது, அவ்வளவு அடர்த்தி. பெரிய கிளைகள் நாலைந்து எங்கள் ஓட்டுக்கு மேலேயே நீட்டிக்கொண்டிருந்தன.

அந்த டிசம்பரில் புயல் வருகிறது என்று டிவியில் சொன்னார்கள். கடலில் அடிக்கிற புயல் மலைக்கு எங்கே வரப்போகிறது என்று சேலத்துக்காரர்கள் கேட்பார்கள். வந்து பார்த்தால் தெரியும். மலையில் ஒரு மரம் விழுந்தால் பத்து கம்பம் சாயும். கரண்ட் போனால் வாரக்கணக்கில் வராது. ரோடு அடைத்துக்கொண்டால் பால் பாக்கெட்டும் வராது.

அதனால் முந்தின நாளே ஆரம்பித்துவிட்டேன். டேங்க் நிரப்பி, டிரம் நிரப்பி, குடத்திலும் பிடித்து வைத்தேன். கரண்ட் இருக்கும்போதே மாவு, மசால் எல்லாம் அரைத்தாயிற்று. சுள்ளியை நனையாமல் உள்ளே அடுக்கினேன். எமர்ஜென்சி லைட்டுக்கும் செல்போனுக்கும் சார்ஜ் ஏற்றினேன். பிள்ளைக்குப் பால் பவுடர், ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர். ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் போய்விட்டது. பாத்ரூம் தகரத்தின் மேல் கல்லை ஏற்றிக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினார் என் மாப்பிள்ளை. அப்புறம், கடைக்கு மெழுகுவர்த்தியும் பேட்டரியும் வாங்கி வருகிறேன் என்று சேலம் இறங்கினார். மறுநாள் காலையில் மலைப்பாதையில் பாறை சரிந்து அவர் கீழேயே மாட்டிக்கொண்டார். அது தனிக் கதை.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வேலை. மரம் கழிப்பது.

மலையில் புயலுக்கு முன்னால் எல்லோரும் செய்கிற வேலை அது. வீட்டுப் பக்கம் நீட்டியிருக்கிற கிளைகளை வெட்டிவிட்டால் மரத்தின் கனம் எதிர்ப்பக்கம் போய்விடும். காற்றில் சாய்ந்தாலும் வீட்டின் மேல் சாயாது. எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கத்துக் கிளையை விட்டுவிட்டு மறுபக்கத்தைக் கழிக்க வேண்டும். இங்கே குப்பை கொட்டிய ஆறு வருஷத்தில் எனக்கே இது பாடம்.

கீழே, எஸ்டேட் கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டில் இருந்த காவேரியக்கா புயலன்று காலையில் வந்து, மரத்தை இன்றைக்கே கழித்துவிடச் சொன்னார். அவர் வீட்டுக்காரர் சித்தன் அண்ணன் கொடுவாளோடு தயாராக இருந்தார். ஆனால் மரம் ரைட்டருடையது. அவர் சொல்லாமல் தொடமாட்டோம் என்றார்கள். போன் போட்டேன். எடுத்ததும் கத்தினார். மிளகு பறிக்க இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறதாம். ஆள் ஏறினால் கொடி பிய்ந்துவிடுமாம், கிளை விழுந்தால் பிஞ்செல்லாம் உதிர்ந்துவிடுமாம். "எவனும் மரத்துல கால் வெக்கக் கூடாது" என்றார். உள்ளே பிள்ளை இருக்கிறது என்றேன். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. மனுஷனா இவர்?

நான் சொல் கேட்காமல் வெட்டிவிடுவேன் என்று பயந்தாரோ என்னவோ, பாறை சரியாத மறுபக்கப் பாதையில், குப்பனூர் வழியாகச் சுற்றி வந்த கடைசிப் பஸ்ஸைப் பிடித்து நேரிலேயே வந்து இறங்கிவிட்டார். மத்தியானம் ரெண்டு மணி. குடையும் கையுமாக மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சித்தன் அண்ணனைத் திட்டி அனுப்பினார். திரும்பிப் போக பஸ் இல்லை. வயசான மனுஷனை மழையில் நிற்க வைக்க முடியுமா? உள்ளே கூப்பிட்டு, டீ போட்டுக் கொடுத்தேன்.

ரெண்டே முக்காலுக்குக் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் செல்போனில் டவரும் போனது.

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. காற்று கிளம்பியது. முதலில் விசில் மாதிரி. அப்புறம் லாரி ஏறி வருகிற மாதிரி. ஓடுகள் கடகடத்தன. ரைட்டர் முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் கேட்டது.

டொக்…

டொக்… டொக்…

கொடுவாள் சத்தம். பச்சை மரத்தில் விழுகிற வெட்டு. பின்னாலிருந்து, மேலிருந்து. சித்தன் அண்ணன்தான் மனசு கேட்காமல் ஏறிவிட்டார் என்று நினைத்தேன். அல்லாஹ் அவரை நல்லா வைக்கட்டும் என்று துஆ செய்தேன்.

ரைட்டர் எழுந்து ஓடி வந்தார். சமையல்கட்டு ஜன்னலைத் திறந்து, "அடேய் சித்தா, எறங்குடா" என்று கத்தினார்.

வெட்டு நிற்கவில்லை.

சரசரவென்று ஒரு கிளை விழுந்தது. ஜன்னல் வழியாக ஏதோ உள்ளே தெறித்தது. குனிந்து பார்த்தேன். மிளகுக் கொத்து, பச்சை மிளகு. நசுங்கிய வாசனை சமையல்கட்டு முழுக்க ஏறியது. இன்னொரு கொத்து வந்து விழுந்தது, அப்புறம் இன்னொன்று. காற்று கொண்டுவந்து போடவில்லை. யாரோ உருவி உருவி எறிகிற மாதிரி வந்தது.

ரைட்டருக்கு உயிரே போன மாதிரி ஆகிவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

நான் முன்பக்க ஜன்னலில் போய் நின்றேன். அவர் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போவது தெரிந்தது. அப்படியே கீழே பார்த்தேன். காபிச் செடிகளுக்கு அந்தப் பக்கம் லைன் வீடு. காவேரியக்கா வீட்டு வாசலில் ஒரு டார்ச் வெளிச்சம். ஒரு ஆள் பறக்கிற தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

சித்தன் அண்ணன்.

பின்னால்… டொக்… டொக்…

அண்ணன் அங்கே நிற்கிறார். அப்படியென்றால் மரத்தில் யார்?

கதவு படாரென்று திறந்தது. ரைட்டர் வந்தார். கையில் குடை இல்லை. உள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றார். பல் கிட்டித்துப் போயிருந்தது. மேலே யாருங்க என்று கேட்டேன். ரெண்டு தரம் கேட்டேன்.

"வேலம்மா" என்றார்.

அந்தப் பெயரை நான் அதுவரை கேட்டதே இல்லை. யாருங்க வேலம்மா என்று உலுக்கினேன். பிய்த்துப் பிய்த்துச் சொன்னார். பல வருஷத்துக்கு முன்னால் இந்த வீடும் லைன் வீடுதானாம். வேலம்மாள் என்று ஒரு காபிக் கூலிக்காரி. புருஷன் இல்லை, கைப்பிள்ளையோடு இங்கே இருந்தாள். இதே மாதிரி ஒரு புயல். மரத்தைக் கழிக்கணும் என்று வந்து கேட்டாள். இவர் முடியாது என்றார். அவளே கொடுவாளோடு மரத்தில் ஏறிவிட்டாள். இவர் போய் அவளை இறக்கினார். அன்றைக்கு ராத்திரி பெரிய கிளை ஒடிந்து ஓட்டைப் பிளந்துகொண்டு இறங்கியது. தாய், பிள்ளை ரெண்டு பேரும் அதற்கு அடியில்.

இதையெல்லாம் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவ கையில இருந்த கொடுவாள நான் புடுங்கிக்கிட்டேம்மா. இன்னைக்கி வரைக்கும் எங்கிட்டதான் இருக்குது. இப்ப எதுலம்மா வெட்டறா?"

டொக்… டொக்… டொக்…

சலீமா அழ ஆரம்பித்தாள். நான் ஆயத்துல் குர்ஸி ஓதினேன். பாதியில் ஒன்று உறைத்தது. இவ்வளவு நேரம் வெட்டு விழுகிறது, எத்தனையோ கிளை விழுந்தாயிற்று. எங்கள் ஓட்டின் மேல் ஒரு குச்சிகூட விழவில்லை.

எமர்ஜென்சி லைட்டை எடுத்துக்கொண்டு சமையல்கட்டு ஜன்னலுக்குப் போனேன். வெளியே அடித்தேன். கிளைகள் எல்லாம் வீட்டுக்கு எதிர்த்திசையில், பள்ளத்துப் பக்கம் குவிந்து கிடந்தன. நிமிர்ந்து பார்த்தேன். பள்ளத்துப் பக்கம் மரம் மொட்டை. வீட்டுப் பக்கத்துக் கிளைகள் ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே இருந்தன.

அவள் வீட்டைக் காப்பாற்ற மரம் கழிக்கவில்லை.

மரத்தை வீட்டின் மேல் தள்ள வழி பண்ணிக்கொண்டிருந்தாள்.

மின்னல் வெட்டியது. கொடிக்கு நடுவே ஒரு கால் தெரிந்தது. வெறுங்கால். நாள்கணக்கில் தண்ணீரில் ஊறின மாதிரி வெளுத்துப்போய்ச் சுருங்கியிருந்தது. அது மெதுவாக ஒரு படி மேலே ஏறியது.

நான் லைட்டைக் கீழே போட்டுவிட்டு முன்னறைக்கு ஓடினேன். கிளம்புங்க, லைனுக்குப் போயிரலாம் என்றேன். அவர் நகரவில்லை. என்னையே பார்த்தார். அப்புறம் என் இடுப்பிலிருந்த சலீமாவைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

"புள்ள உள்ள இருந்தா அவ தள்ள மாட்டா" என்றார்.

சொல்லிக்கொண்டே என் கையிலிருந்து பிள்ளையைப் பறித்தார்.

கிழவனுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வந்ததோ! நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு மூலையில் ஒடுங்கிவிட்டார். சலீமா மூச்சுத் திணற அழுதாள். நான் கெஞ்சினேன், காலில் விழுந்தேன். விடியற வரைக்கும், விடியற வரைக்கும் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் தன் தலைக்கு மேல் என் பிள்ளையைக் குடை மாதிரித் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அந்தப் பாவி.

மேலே வெட்டு வேகமாகியது.

டொக்டொக்டொக்டொக்…

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது. எனக்கும் வந்துவிட்டது. பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த ஆளின் மணிக்கட்டைக் கடித்தேன். எலும்பு பல்லில் தட்டுகிற வரைக்கும் கடித்தேன். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. பிடி தளர்ந்தது. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு கதவுக்கு ஓடி, தாழ்ப்பாளை இழுத்தேன்.

கதவு திறந்தது.

வெட்டு நின்றது.

காற்றும் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு இலை அசையவில்லை.

மேலிருந்து ஒரு பொம்பளைக் குரல். அதட்டல் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா பேசுகிற மாதிரி, மெதுவாக.

"நீ போ கண்ணு. புள்ளைய நனைய உடாத."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையால் சலீமாவை மூடிக்கொண்டு ஓடினேன். செருப்பில்லாமல், காபிச் செடி கிழிக்கக் கிழிக்க ஓடினேன். பின்னால் ரைட்டர் ஓடி வருகிற சத்தம் கேட்டது. வாசப்படி வரை வந்திருப்பார்.

கதவு சாத்துகிற சத்தம்.

வெளிக்கொண்டி விழுகிற சத்தம்.

அப்புறம் அவர் உள்ளேயிருந்து கதவைத் தட்டினார்… தட்டினார்… தட்டிக்கொண்டே இருந்தார்.

லைன் வீட்டு வாசலில் காவேரியக்கா என்னை வாரி உள்ளே இழுத்தார். சித்தன் அண்ணன் டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே கிளம்பினார். ரெண்டு எட்டு வைத்திருப்பார்.

டொக்.

ஒரே ஒரு வெட்டு.

மரம் விழுகிற சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. நிலம் அதிர்ந்தது. காவேரியக்கா வீட்டுப் பாத்திரமெல்லாம் உருண்டது. சலீமா மட்டும் அழுகையை நிறுத்திவிட்டாள். அக்கா வீட்டுச் சுவரில் இருந்த கடிகாரத்தில் மணி ஆறு பத்து. மஃரிப் தொழுகை நேரம். பள்ளிவாசல் மைக்குக்கும் கரண்ட் இல்லை, பாங்கு எங்கள் வரை வரவில்லை.

ரோடு சரியாகி ஆள் வர மூன்றாம் நாள் ஆனது. ரைட்டரைக் கதவுக்குப் பின்னால்தான் எடுத்தார்கள். வீடு முழுக்க நொறுங்கியிருந்தது. முன்கதவு மட்டும் நிலையோடு நின்றது. வெளியே கொண்டி போட்டிருந்தது. போலீஸ்காரர் என்னைத் திருப்பித் திருப்பிக் கேட்டார், நீ போட்டியாம்மா என்று. ரெண்டு கையிலும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவள் எந்தக் கையால் சார் கொண்டி போடுவாள் என்றேன். அவர் சித்தன் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் லைன் வாசலில் நின்றதைக் காவேரியக்கா சொன்னார். கடைசியில் காற்றில் விழுந்த கொண்டி என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

எனக்கு அந்த ஆள் மேல் பரிதாபம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. என் பிள்ளையைத் தலைக்கு மேல் பிடித்தவர் அவர்.

இத்தோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். ஒரு மாதம் கழித்து, மரத்தை அறுத்து எடுக்க ரைட்டர் மகன் ஆள் விட்டார். மாரமங்கலத்து சின்னத்தம்பி, மெஷின் வாள் வைத்திருப்பவர், இந்தப் பக்கத்துப் பழைய கதையெல்லாம் தெரிந்தவர். நாங்கள் அதற்குள் டவுனுக்கே குடிவந்துவிட்டோம். இடிபாட்டில் பாத்திரம் பண்டம் ஏதாவது தேறுமா என்று பார்க்க நானும் அன்றைக்கு அங்கே போயிருந்தேன்.

சின்னத்தம்பி காய்ந்துபோன மிளகுக் கொடியை உரித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று மெஷினை நிறுத்தினார். "ஏனுங்க அக்கா, கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிட்டார்.

கொடிக்கு அடியில், மரத்தின் பள்ளத்துப் பக்கம் பூராவும் வெட்டுத் தழும்பு. உச்சியில் இருந்தவை புதுசு. அவை எனக்குத் தெரியும், நான் சத்தம் கேட்டவை. ஆனால் அதற்குக் கீழே இருந்தது போன வருஷத்து வெட்டு. அதற்குக் கீழே அதற்கும் முந்தின வருஷம். கீழே வர வர மரத்தோல் மூடி, தழும்பு ஆறிப்போய், கடைசியில் விரல் வைத்துத் தடவினால்தான் தெரிகிற அளவுக்குப் பழசு. வருஷத்துக்கு ஒன்று. மனுஷன் உயிராகக் காத்த மிளகுக் கொடிதான் அத்தனையையும் மூடி வைத்திருந்தது.

சின்னத்தம்பி எல்லாவற்றுக்கும் கீழே இருந்த தழும்பில் கை வைத்தார்.

"இது வேலம்மா செத்த வருசத்து வெட்டுங்க. நாலஞ்சு வருசத்துக்கு முன்னாடியே இந்த மரம் ஊட்டு மேல சாஞ்சிருக்கோணும். எத்தன காத்துக்கு நின்னுச்சு பாருங்க" என்றார்.

ஏழு மாதம் அந்த மரத்தடியில்தான் நான் என் பிள்ளைக்குக் கட்டில் போட்டு வெயில் காட்டினேன். எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் மூன்று குடும்பம் இருந்தார்கள். எல்லோரும் கைப்பிள்ளைக்காரர்கள்.

மிளகு பறிக்க வரும்போதெல்லாம் மரத்தடியோடு திரும்பிவிடுவார்; அந்தப் புயலன்றைக்குத்தான் அந்த ஆள் முதல் முறையாக அந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்.